முகத்தோடு பெயரும் அச்சாகட்டும்

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதமும் நீ அனுப்பிய மாதிரித் தாள்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இறுதியாண்டுக் கண்காட்சிக்கு அமெரிக்கத் திருநங்கைப் போராளி மார்ஷா பி. ஜான்சனை ஸ்கிரீன் பிரிண்டில் கொண்டுவரப் போவதாக எழுதியிருக்கிறாய். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் பாணியில், ஒரே முகத்தை நான்கு வண்ணச் சேர்க்கைகளில் அடித்துப் பார்த்திருக்கிறாய். கை நன்றாகப் பழகியிருக்கிறது. வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்ட்ரேஷன் எங்கும் விலகவில்லை. கறுப்பு மை கடைசியாக விழுந்த விதத்தைப் பார்த்ததும் நம் பட்டறையில் வேலை செய்த பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

பாராட்டோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. நீ தேர்ந்தெடுத்த ஆளும் நீ தேர்ந்தெடுத்த பாணிக்குச் சொந்தக்காரரும் ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருக்கிறார்கள். அந்தச் சந்திப்பில் ஓர் அநியாயம் நடந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் நீ அடுத்த தாளை அடிக்க வேண்டும்.

1974-75இல் லூச்சியானோ அன்செல்மினோ என்ற இத்தாலியக் கலை வணிகர் வார்ஹாலிடம் ஒரு தொடர் கேட்டார். பெண்ணுடையில் வாழும் டிராக் குயின்களின் உருவப்படங்கள் வேண்டும் என்றார். வார்ஹாலின் ஆட்கள் நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகிலிருந்த கில்டட் கிரேப் என்ற மதுக்கூடத்துக்குப் போய் ஆள் தேடினார்கள். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், கையில் காசில்லாதவர்கள். ஒரு நண்பருக்காகப் படத்துக்கு உட்கார வேண்டும், அரைமணி நேரத்துக்கு 50 டாலர் என்று பேசி அழைத்துப் போனார்கள். அந்த நண்பர் யார் என்றுகூடச் சொல்லவில்லை. இதையெல்லாம் வார்ஹாலோடு இருந்த பாப் கொலாச்செல்லோ தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். 14 பேர் வந்தார்கள். வார்ஹால் போலராய்டு கேமராவால் 500க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றிலிருந்து 268 ஓவியங்கள் பிறந்தன. பத்துத் தாள்கள் கொண்ட ஸ்கிரீன் பிரிண்ட் தொகுப்பும் வந்தது, ஒவ்வொன்றும் 125 பிரதி. அந்த 14 பேரில் ஒருவர் மார்ஷா.

தொடருக்கு வார்ஹால் வைத்த பெயர் 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்'. 1975இல் இத்தாலியின் ஃபெர்ராரா நகரத்தில் கண்காட்சி நடந்தது. படத்தில் இருந்தவர்களின் பெயர்கள் அங்கே இல்லை. வார்ஹாலிடம் பணம் கொடுத்துத் தன் உருவத்தை வரையச் சொன்ன ஒவ்வொரு பணக்காரரின் படத்துக்கும் அவர் பெயரே தலைப்பாக இருக்கும். நடிகை என்றால் மெரிலின், லிஸ். இவர்களுக்கோ எல்லோருக்கும் பொதுவாக ஒரே தலைப்பு. 2014இல் வார்ஹால் படைப்புகளின் முழு அட்டவணை நூலில் ஒரு தொகுதி வெளிவந்தபோதுதான் அவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களின் பெயர்கள் ஒழுங்காகப் பதிவாயின. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள். அதற்குள் மார்ஷா இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

வார்ஹாலைத் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. அந்தப் படங்கள் அழகானவை. தடித்த வண்ணத்தை விரலாலேயே இழுத்துப் பூசி, அதன் மேல் கறுப்பு ஸ்கிரீனை இறக்கியிருப்பார். தாள் பதிப்புகளில் கிழித்த வண்ணக் காகிதத் துண்டுகள் முகத்தின் குறுக்கே விழுந்து கிடக்கும். தொழில் தெரிந்த கண்ணுக்கு அது விருந்து. ஆனால் நீ செய்யப்போவது நினைவேந்தல். அதற்கு அந்த அழகு போதாது. உன் மாதிரித் தாள்கள் எதிலும் மார்ஷாவின் பெயர் இல்லை, கவனித்தாயா? 'பார்த்தாலே தெரியும்' என்று நீ நினைத்திருப்பாய். உன் கல்லூரிச் சுவரில் அந்தத் தாளைப் பார்க்கப்போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அது வார்ஹாலின் படமாகத்தான் தெரியும்.

மார்ஷா யார் என்பதை நீ படித்துத்தான் இருப்பாய். இருந்தாலும் எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். 1945 ஆகஸ்ட் 24ஆம் தேதி நியூஜெர்சியின் எலிசபெத் நகரில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜுக்கு வந்துவிட்டார். தெருவில் வாழ்ந்தார். பாலியல் தொழில் செய்து பிழைத்தார். மனநோயோடும் போராடினார். மொத்த வியாபாரப் பூக்கடைத் தெருவில், பூவைப் பிரித்து வைக்கும் மேசைகளுக்கு அடியில் படுத்துத் தூங்குவார். மிச்சப் பூக்களை எடுத்துத் தலையில் சூடிக்கொள்வார். அந்தப் பூக்கிரீடம்தான் இன்று அவரது பல படங்களில் இருக்கிறது, உன் படத்திலும் இருக்கிறது. அதை நீ வரையும்போது அலங்காரமாக மட்டும் நினைக்காதே. படுக்க இடமில்லாத ஒருவர், விற்காமல் போன பூவைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நிமிர்ந்து நடந்தார். பூவின் ஓரங்கள் கொஞ்சம் வாடியிருந்தால் தவறில்லை.

பெயரின் நடுவில் வரும் 'பி' எதைக் குறிக்கிறது என்று கேட்பவர்களிடம் 'பே இட் நோ மைண்ட்' என்பாராம், அதாவது 'அதைக் கண்டுகொள்ளாதே' என்று. நீ ஆணா பெண்ணா என்று கேட்டவர்களுக்கும் அதே பதில்தான்.

1970இல் தோழி சில்வியா ரிவேராவும் அவரும் சேர்ந்து 'ஸ்டார்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட, தெருவில் திரிந்த இளம் திருநங்கைகளுக்குத் தங்க இடம் கொடுக்க வேண்டும் என்பது எண்ணம். முதலில் ஒரு லாரியின் டிரெய்லர், பிறகு கிழக்கு 2ஆம் தெருவில் ஒரு பாழடைந்த கட்டடம். வாடகைக்கும் சோற்றுக்கும் இந்த இருவரும் தெருவில் நின்று சம்பாதித்தார்கள், குழந்தைகள் நிற்கக் கூடாது என்பதற்காக. மார்ஷாவுக்கு அப்போது வயது இருபத்தைந்து. சில்வியாவுக்கு இருபதுகூட ஆகவில்லை. அந்த வீடு நீண்ட நாள் நீடிக்கவில்லை. ஆனாலும், என்னைக் கேட்டால், மார்ஷாவின் வாழ்க்கையில் அச்சில் ஏற வேண்டிய பக்கம் அதுதான்.

நீயோ வேறொரு பக்கத்தை எடுத்திருக்கிறாய். உன் மூன்றாவது தாளில் மார்ஷா கையில் செங்கல் வைத்திருக்கிறார். 1969 ஜூன் 28ஆம் தேதி அதிகாலை, நியூயார்க்கில் ஒருபாலீர்ப்பினர் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்து கலவரம் வெடித்தபோது முதல் செங்கல்லை எறிந்தவர் அவர்தான் என்ற கதையை எங்கோ படித்திருப்பாய். எல்லோரும் சொல்லும் கதைதான். ஆனால் மார்ஷாவே பிற்காலப் பேட்டியில், தான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அதிகாலை இரண்டு மணி, கலவரம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அந்த நாட்களின் போராட்டத்தில் அவர் முன்னணியில் நின்றார் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. அது போதும். அவரே மறுத்த ஒன்றை அவர் கையில் திணிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இல்லாத வீரத்தை ஏற்றினால், பொய்யை ஒருவர் கண்டுபிடிக்கும் நாளில் உள்ள வீரமும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். அந்தத் தாளை விட்டுவிடு.

அதற்குப் பதில் டயானா டேவிஸ் எடுத்த படங்களைப் பார். நியூயார்க் பொது நூலகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. பெல்வியூ மருத்துவமனை முன்பு, தெருவாசிகளையும் ஒருபாலீர்ப்பினரையும் நடத்தும் விதத்தைக் கண்டித்துப் பதாகையோடு நிற்கிறார் மார்ஷா. இன்னொன்றில் 1973இல் நகராட்சி மன்றத்தின் முன்னால் சில்வியாவோடு நிற்கிறார். மேடை இல்லை, தெருவில் நிற்கும் ஒரு போராளி. ஒரு விஷயம் மறந்துவிடாதே: புகைப்படத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. எடுத்தவர் பெயரைத் தாளில் போடு. பயன்படுத்தும் உரிமை பற்றி நூலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேள். நான் இவ்வளவு நேரம் வார்ஹாலைக் குறை சொன்னதே பெயர் விடுபட்டதற்காக. அதையே நாம் புகைப்படக்காரருக்குச் செய்தால் நன்றாக இருக்காது.

இனி தொழில் விஷயம். உன் முதல் தாளில் முகம் வெளுத்திருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். கறுப்பு ஒன்றையே வைத்து ஆழ்ந்த நிற முகத்தை அடித்தால் கண்ணும் மூக்கும் மைக்குள் மூழ்கிப்போகும். அதற்குப் பயந்து ஃபிலிம் எடுக்கும்போதே கான்ட்ராஸ்டை ஏற்றியிருக்கிறாய். விளைவு, பாதி முகம் வெறும் தாளாக நிற்கிறது. நம் ஊர் ஃபிளெக்ஸ் கடைகளில் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கித் தருவார்கள், கல்யாண ஆல்பத்திலும் அதே கதைதான். கை அந்தப் பழக்கத்துக்கே போகிறது. கறுப்பினத் திருநங்கை ஒருவரை நினைவுகூரும் தாளில் அது நடக்கக் கூடாது. மூன்று ஸ்கிரீன் போடு. முதலில் ஒளி ஊடுருவும் செம்பழுப்பு, நெற்றியிலும் கன்னத்திலும் ஒளி விழும் இடங்களை மட்டும் தாளுக்கு விட்டுவிட்டு. அதன் மேல் அடர்ந்த பழுப்பு. கறுப்பு கடைசியில், கண் இமைக்கும் உதட்டோரத்துக்கும் மயிருக்கும் மட்டும். டாட், அதாவது படத்தின் புள்ளி, சிறிதாக இருக்கட்டும், ஸ்கிரீன் துணியின் மெஷ்ஷும் அதற்கேற்ப நெருக்கமாக இருக்கட்டும். எமல்ஷன் நன்றாகக் காய்ந்த பிறகே எக்ஸ்போஸ் செய். அவசரப்பட்டால் தண்ணீர் அடிக்கும்போது சின்ன டாட்டுகள்தான் முதலில் கரைந்து போகும், கன்னத்தின் வளைவு அவற்றில்தான் இருக்கிறது. வேலை மூன்று மடங்காகும். ஆகட்டும்.

'இந்தக் காலத்தில் எதற்கு அச்சு, இன்ஸ்டாகிராமில் போட்டால் ஆயிரம் பேர் பார்ப்பார்களே' என்று உன் நண்பர்கள் கேட்பதாக எழுதியிருந்தாய். அவர்களிடம் இதைச் சொல். ஸ்டோன்வால் நடந்த இடம் 2016இல் அமெரிக்காவின் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதற்கான அரசு இணையப்பக்கத்திலிருந்து 2025 பிப்ரவரியில் 'டிரான்ஸ்ஜெண்டர்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். எல்ஜிபிடி என்ற சுருக்கத்தில் 'டி' என்ற எழுத்தையும் நீக்கினார்கள். மார்ஷாவும் சில்வியாவும் போராடிய அதே இடத்தின் பக்கத்தில். ஒரு ஆள், ஒரு கணினி, சில நிமிட வேலை. மறுநாளே மக்கள் அங்குள்ள கிறிஸ்டோபர் பூங்காவில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நீ நூறு தாள் அடித்து நூறு வீட்டுக்குக் கொடுத்தால், அதிலிருந்து ஒரு சொல்லை நீக்க ஒருவர் நூறு கதவைத் தட்ட வேண்டும். அச்சின் பலம் அதில்தான் இருக்கிறது.

பெரிய நினைவுச்சின்னங்களும் தடுமாறியிருக்கின்றன. மார்ஷாவுக்கும் சில்வியாவுக்கும் சின்னம் எழுப்புவோம் என்று நியூயார்க் நகரம் 2019இல் அறிவித்தது. காத்திருந்து சலித்த ஆர்வலர்கள் 2021இல் தாங்களே ஒரு மார்பளவுச் சிலையைக் கொண்டுவந்து கிறிஸ்டோபர் பூங்காவில் வைத்தார்கள். புரூக்ளினில் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றுக்கு 2020இல் மாநில அரசு மார்ஷாவின் பெயரைச் சூட்டியது, நல்ல காரியம். ஆனால் அடுத்த ஆண்டு அங்கே இருந்த பெரிய கான்கிரீட் தளத்தின் மேல், சூட்டில் உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக்கால் வண்ண வண்ணமாக ஒரு சித்திரம் பதிக்கத் திட்டம் போட்டார்கள். அக்கம்பக்கத்தாரும் செயற்பாட்டாளர்களும் கொதித்தார்கள். மார்ஷாவுக்குப் பூ பிடிக்கும், பூச்செடி நடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம் என்றார்கள். அரசு வேலையை நிறுத்திவிட்டுத் திட்டத்தை மாற்ற வேண்டி வந்தது. பணத்துக்கோ நல்லெண்ணத்துக்கோ அங்கே குறைவில்லை. முன்கூட்டிக் கேட்காததுதான் குறை.

நீ யாரைக் கேட்டாய்? இதைக் கடுமையாகச் சொல்வதாக நினைக்காதே, கண்ணு. உன் ஊரிலேயே திருநங்கைகள் இருக்கிறார்கள். உன் தாளைக் கண்காட்சிச் சுவரில் மாட்டும் முன் அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டு. அவர்கள் மார்ஷாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம், படாமலும் இருக்கலாம். வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களுக்கு மூத்தவர் ஒருவர் சோறும் கூரையும் கொடுத்த கதையை நீ சொல்லத் தொடங்கினால், பாதியிலிருந்து அவர்களே சொல்லி முடிப்பார்கள். அவர்கள் 'இந்த முகம் ஏன் இப்படி அழுகிறது' என்று கேட்டால், திரும்பி வந்து ஸ்கிரீனை அழித்து மறுபடி எடு. திருநங்கைகளைச் சோகமாகவே பார்க்கப் பழகிவிட்ட கண் நம்முடையது.

மார்ஷாவின் சாவைப் பற்றியும் நீ ஒரு தாள் யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னாய். 1992 ஜூலை 6ஆம் தேதி அவர் உடல் ஹட்சன் நதியில் கிடைத்தது. போலீஸ் தற்கொலை என்று முடித்தது. நண்பர்கள் ஒருநாளும் ஏற்கவில்லை. விடாமல் போராடியதால் 2012இல் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. விடை இன்றுவரை வரவில்லை. இந்தக் கேள்வியை எழுப்பு, அதற்கு உரிமை உண்டு. ஆனால் தண்ணீரில் மிதக்கும் உடலை அச்சடிக்காதே. கொல்லப்பட்ட திருநங்கைகளின் படங்களை எல்லா ஊர் நாளிதழ்களும் ஏற்கெனவே போதுமான அளவு அச்சடித்துவிட்டன. அந்தத் தாளுக்கு எழுத்து மட்டும் போதும்: பெயர், தேதி, முடிவு தெரியாத வழக்கு என்ற ஒரு வரி.

வார்ஹாலுக்கு மாற்றாக ஒரு முன்னோடி வேண்டுமென்றால் மைக்கா பசான்ட்டைப் பார். அமெரிக்காவைச் சேர்ந்த திருநர் ஓவியர். எல்லோருக்கும் விடுதலை வராமல் சிலர் மட்டும் பெருமை கொண்டாட முடியாது என்ற பொருளில் ஒரு வாசகத்தோடு மார்ஷாவை வரைந்தார். அந்தச் சுவரொட்டி ஊர்வலங்களுக்குப் போனது. பிறகு, திருநர் கலைஞர்களும் உயிரோடிருக்கும் திருநர் செயற்பாட்டாளர்களும் இணைந்து உருவப்படங்கள் செய்யும் ஒரு தொடரிலும் அவர் பங்கெடுத்தார். படத்தில் இருப்பவரைக் கேட்டு, அவர் சொல்லும் வாசகத்தைப் போட்டு வரைவது அவர்கள் வழக்கம். செத்த பிறகு கொண்டாடுவதில் உலகம் கெட்டி. 1973இல் நியூயார்க்கில் நடந்த பிரைட் பேரணியில் டிராக் குயின்கள் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான் மார்ஷாவும் சில்வியாவும். அன்று மேடையேறிப் பேசிய சில்வியாவைச் சொந்தக் கூட்டமே கூச்சலிட்டு அவமானப்படுத்தியது. இன்று அதே பேரணிகளின் பதாகைகளில் இருவர் முகமும் இருக்கிறது. அடுத்த ஆண்டு உன் ஊரில் உயிரோடு நடமாடும் ஒருவரை நீ அச்சடித்தால் எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இருக்காது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண்காட்சியில் தாள் விற்றால் எவ்வளவு விலை வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். தாள், மை, ஃபிலிம் செலவை எடுத்துக்கொள். உன் உழைப்புக்கும் நியாயமான கூலி எடு, கூலி எடுக்காமல் வேலை செய்வது பெருமையில்லை. மிச்சத்தைத் திருநங்கைகள் நடத்தும் ஏதாவது ஓர் அமைப்புக்குக் கொடு. கண்காட்சிக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடு. எத்தனை தாள் அடித்தாய், எத்தனை விற்றது என்று அவர்களுக்குக் கணக்கும் எழுதிக் கொடு. அவர்கள் வாழ்க்கையைக் காட்டி வந்த பணம், அவர்களுக்குத் தெரியாமல் வேறு பைக்குப் போகக் கூடாது. 50 டாலர் கதையை இன்னொரு முறை நடத்த நமக்கு உரிமையில்லை.

இப்போது உடனே செய்ய வேண்டியது: பெயருக்கு ஒரு ஸ்கிரீன் தனியாக எடு. முகத்துக்கு அடிக்கும் அதே அடர்பழுப்பில், தூரத்திலிருந்து படிக்கக்கூடிய அளவில், தமிழில் போடு: மார்ஷா பி. ஜான்சன், 1945–1992. கீழே சின்ன எழுத்தில் புகைப்படம் டயானா டேவிஸ், அச்சு என்று உன் பெயர். வார்ஹால் பாணி என்று எங்கும் எழுத வேண்டாம். புதிய தாளை ஊரில் காட்டிய பிறகு எனக்கு ஒரு பிரதி அனுப்பு, பட்டறைச் சுவரில் மாட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை